மாமியாருக்கு இடப்பக்கம்

ஜனவரி 6, திங்கள்

மழை: இல்லை. உறைபனி: ஒன்பது கிரீனிலும். மூடுபனி: இரண்டு பக்கமும். புல் உயரம்: நான்கு மி.மீ.

பதினெட்டு வருடமாக இந்த டைரியில் இவ்வளவுதான் எழுதி வருகிறேன். உரக் கம்பெனிக்காரர்கள் ஆண்டுதோறும் ஒன்று கொடுப்பார்கள். நீலக்கானல் ரிசார்ட்டின் கோல்ஃப் மைதானப் பொறுப்பாளன் என்ற முறையில் மழையையும் பனியையும் குறித்து வைப்பேன். மீதிப் பக்கம் காலியாகவே கிடக்கும். இன்று கோபத்தில் இருக்கிறேன். யாரிடமாவது கத்தியாக வேண்டும். என் மனைவி பிலோமி அங்கன்வாடிப் பதிவேட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் கத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஆகவே டைரி.

காலையில் மீட்டிங். ஜெனரல் மேனேஜர் சுமித்ரா மேடம் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஏழாவது குழியை உடைக்கப் போகிறார்களாம்.

டைரிக்குக் கோல்ஃப் தெரியாது, அதனால் சொல்கிறேன். டீ என்கிற மேட்டில் நின்று பந்தை அடிக்க வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் கஜம் தள்ளி, கிரீன் என்கிற மெத்தைப் புல்லில், கொடி நட்ட குழி. ஏழாவதில், நல்ல அடி போய் விழுகிற இடத்தில், பாதைக்கு நட்ட நடுவே ஒரு மணல்குழி இருக்கிறது. அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மாமியார். கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பாள், அவளைத் தாண்டாமல் யாரும் அடுக்களைக்குப் போக முடியாது. அவளுக்கு வலப்பக்கமாகப் போனால் விசாலம், வம்பில்லை. ஆனால் அங்கிருந்து கிரீன் முதுகைக் காட்டும், அடுத்த பந்து நிற்காது. இடப்பக்கமாகப் போனால் அவளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே பன்னிரண்டு அடி எடுத்து வைக்கிற அகலம்தான். தப்பினால் பந்து பாதாளத்துக்கு. தப்பாவிட்டால் கிரீன் உள்ளங்கையாக விரிந்து கிடக்கும். டீயில் நிற்கிறவன் தான் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அவ்வளவுதான் ஏழாவது குழி. பூ கிடையாது, அருவி கிடையாது. சீகை மரங்கள் வளர்ந்து பள்ளத்தாக்கையும் மறைத்துவிட்டன.

புதுத் திட்டப்படி சீகையை வெட்டி, பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி டீயைப் பக்கத்துப் பலகைப்பாறை உச்சிக்கு ஏற்றி, கிரீனைப் பாறைக்கு அடியிலேயே கொண்டுவந்து, மாமியாரை மண் போட்டு மூடி மேலே பூச்செடி நடுவார்கள். ஒரே அடி, ஒரு போட்டோ, முடிந்தது. காட்சி வேண்டுமென்றால் பாறையில் ஒரு பெஞ்சு போட்டால் போதாதா, எதற்குக் கோல்ஃப் என்று கேட்டேன். சுமித்ரா மேடம் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல்.

“அண்ணா, போன வருசம் வந்தவங்க போட்ட போட்டோ எல்லாத்தையும் பார்த்தேனுங்க. உங்க ஏழாவது குழி ஒண்ணுலகூட இல்ல. அவங்களுக்கு அது ஞாபகமே இல்லீங்க” என்றார்.

பிப்ரவரி பதினைந்தில் முடிவு. திட்டத்துக்குச் சரி என்றால் பதினேழாம் தேதி புல்டோசர் வரும்.

போகும்போது எல்லோருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். இயந்திரம் ஓட்டுகிறவர்களும் அவர்களுக்குப் பொறுப்பானவர்களும் கண் பரிசோதனை செய்து சான்றிதழ் தர வேண்டுமாம். அதற்கும் கெடு பிப்ரவரி பதினைந்து. டிராயரில் போட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

மழை: இல்லை. உறைபனி: கடுமை. மூடுபனி: இரண்டு பக்கமும்.

பிலோமி காபி டம்ளரைக் கண்ட இடத்தில் வைக்கிறாள். இன்றும் தட்டிவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

ஐந்தாவது கிரீனில் எவனோ நடந்திருக்கிறான். உறைபனி படிந்த புல்லை மிதித்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் கால்தடம் கருகிக்கொண்டு எழும். ஆக, மிதித்தது ஏழாம் தேதி விடியலில். மொத்தம் பதினான்கு தடம். நடைபாதையை விட்டு ஏறி, கிரீனைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போயிருக்கிறான், ஏதோ அரசமரத்தடியில் உலாவுகிறவன் மாதிரி.

விருந்தினர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறவர்களை நாங்கள் கேடி என்போம். ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது வேறு விஷயம். பதினோரு கேடிகளையும் வரிசையாக நிற்கவைத்துச் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமைக் கேடி கதிரேசன் என் வயதுக்காரன், மைதானம் வெட்டிய நாளிலிருந்து கூட இருப்பவன். அவன் குனிந்து ஒரு தடத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பூட்ஸைப் பார்த்தான். “விடு சந்தியாகு, நான் விசாரிச்சுக்கிறேன்” என்று மட்டும் சொன்னான். பூட்ஸ் போன மாதம் வாங்கியது. புதிது என்று பார்த்தானோ என்னவோ.

ஜனவரி 10, வெள்ளி

நான் சொல்லாமலேயே கதிரேசன் காலையில் வந்து தடங்களின் மேல் மணல் தூவியிருக்கிறான்.

என் இடது பூட்ஸின் குதிகாலில், வழுக்காமல் இருக்க அடித்த ஆணிகளில் ஒன்று இல்லை. தடத்திலும் அந்த இடத்தில் ஆணி இல்லை. ஒரே கடையில் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

மாதாகோவில் பூசையில் ஒரு சங்கடம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் மரியசூசை என் பக்கம் திரும்பிக் கைகூப்பியபடி நின்றானாம், நான் கண்டுகொள்ளாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். வெளியே வந்ததும் பிலோமியிடம், அண்ணனுக்கு என்மேல் என்ன வருத்தம் என்று கேட்டிருக்கிறான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போதெல்லாம் ஆட்கள் பூனை மாதிரி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்.

பிலோமி வீடு வரும்வரை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் எனக்கு நடையே ஓடாது.

ஜனவரி 13, திங்கள்

மழை: இல்லை. மூடுபனி: இரண்டு பக்கமும்.

மேலே உள்ள வரியைக் கதிரேசனிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை மைதானம் மூடியிருக்கும், நானும் அவனும் நாலு பந்து அடிப்போம். இந்த மூடுபனியில் என்ன ஆடுவது என்று சலித்துக்கொண்டேன். “எங்கய்யா மூடுபனி? வெயிலு பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது” என்றான். அவன் வெயிலில் நின்றுகொண்டு சொன்னான். நான் நின்ற இடத்தில் இருந்தது. நடுவில் தெளிவாகத்தான் இருந்தது, இரண்டு பக்கமும் திரை போட்ட மாதிரி சாம்பல். மலையில் அப்படித்தான் இறங்கும்.

வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். சர்க்கரைக்கு நடப்பது நல்லது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியதைப் பிலோமி சொல்லித்தான் பார்த்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

தூக்கம் சரியில்லை. எதையோ எடுக்க எழுந்து, எதை என்று மறந்து, மறுபடி உட்காருகிறேன். இருபதாம் தேதி பெங்களூரிலிருந்து வடிவமைப்பாளர் வருகிறார். அவரிடம் மாமியாரைப் பற்றி என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விருந்தினர்களிடம் நான் வழக்கமாக விடுகிற சரடு ஒன்று உண்டு: இந்தக் குழியை ஒரு வெள்ளைக்கார நிபுணர் ஒரு வாரம் நடந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தார் என்று.

உண்மையை டைரியிலாவது எழுதலாம். நிபுணரும் இல்லை, வாரமும் இல்லை. மைதானம் வெட்டும்போது ஐப்பசி மழை. புல்டோசர் நட்ட நடுவில் வழுக்கி மூக்கு வரை புதைந்துவிட்டது. மூன்று நாள் இழுத்து வெளியே எடுத்தோம். அந்தப் பள்ளத்தை மூட மண் வேண்டும், மண் கொண்டுவரப் புல்டோசர் வேண்டும், அது பழனியில் ரிப்பேரில் கிடந்தது. திறப்பு விழா நெருங்கவே கதிரேசனும் நானும் மணலைக் கொட்டிச் சமாளித்தோம். முதல் நாள் ஆடிய மனிதர் பந்தை அதில் போட்டுக் கெட்ட வார்த்தை சொன்னார். மறுநாள் அவரே வந்து டீயில் வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றார். அவர் நின்றதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று எனக்கே புரிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் வழுக்கி விழுந்தது.

ஜனவரி 20, திங்கள்

வடிவமைப்பாளர் அபிநந்தன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான ஆள், கையில் பறக்கும் கேமரா. அவர், சுமித்ரா மேடம், கதிரேசன், நான் நால்வரும் ஏழாவதில் நடந்தோம். நான் முன்னால் போய் விளக்கிக்கொண்டே நடந்தேன். மாமியார், வலப்பக்கம், இடப்பக்கம், பந்து எங்கே நிற்கும், எங்கே ஓடும். கேள்வியே வரவில்லை. நான் சொல்வதில் சொக்கிப் போய்விட்டார்கள் என்று இன்னும் உற்சாகமாகப் பேசினேன்.

அப்போது இடது காதுக்குப் பக்கத்தில் குக்கர் மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் காட்டுமாடு. ஒற்றைக் கடா, நாலு முழத் தூரம். மற்ற மூவரும் எப்போதோ பின்னால் உறைந்து நின்றுவிட்டார்கள். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். பேச்சை நிறுத்தாமல் மெதுவாக இரண்டு வாக்கியம் சொன்னேன் என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டுச் சீகைக்குள் போய்விட்டது.

மாடு நிற்பது எனக்குத் தெரியாமலா இருக்கும். பயத்தைக் காட்டக்கூடாது, அவ்வளவுதான்.

ஜனவரி 21, செவ்வாய்

ரிசார்ட் முழுக்க இதே பேச்சு. சமையலறையில் எனக்கு மட்டும் நெய் தோசை. பறக்கும் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. கடா நிற்கிறது, நான் கையை ஆட்டிப் பேசிக்கொண்டே அதன் மூக்குக்கு நேராகப் போகிறேன். சுமித்ரா மேடம் அதை ரிசார்ட்டின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்தாயிற்றாம். சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஜனவரி 25, சனி

சுமித்ரா மேடம் கூப்பிட்டனுப்பினார். ஏழாவது குழியை உடைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் பேசப் போகிறாராம். பாறையும் வேண்டாம், பூச்செடியும் வேண்டாம். காட்டுமாட்டை எதிர்த்து நின்ற மனிதரோடு, அவர் நின்ற அதே இடத்தில் விருந்தினர்களுக்கு ஒரு காலை நடை. தினம் இரண்டு நடை. மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து அதில் என் படம். பதினைந்தாம் தேதி முதலாளி கையெழுத்துப் போட்டால் உறுதி.

மாமியார் பிழைத்தாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பம்பு ரூமில் உட்கார்ந்துகொண்டேன். காட்சிக்காகக் குழியை உடைக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினவன் நான். இப்போது நானே காட்சியாகிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

கதிரேசன் மட்டையைத் தொடவில்லை. மாமியார் கரையில் உட்கார்ந்தான், என்னையும் உட்காரச் சொன்னான்.

“நீ அந்த மாட்டப் பாக்கல” என்றான்.

நான் கரைப் புல்லைக் கிள்ளிப் பார்த்தேன்.

“அன்னைக்கு நான் ரெண்டு தரம் கூப்பிட்டேன்யா, மெதுவா. நீ காதுல வாங்கல, பேசிக்கிட்டே போன. பனியில நடந்ததும் நீதான். நான் உன் பூட்ஸப் பாத்தேன். என்னால யாருக்கும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனா நாளைக்கு ரெண்டு குழந்தைகளக் கூட்டிக்கிட்டு இதே எடத்துல நடப்ப. அப்ப கடா போகாது, நின்னுரும்.”

வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அவன் என்னை மடக்கிவிட்டான் என்று கோபம். அவன்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 1, சனி

பிலோமியிடம் மாட்டிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உர லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். சோறு ஏன் இன்னும் வரவில்லை என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். பதில் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

“அஞ்சு நிமிசமா இங்கனதாங்க நிக்கிறேன். கையில தட்டோட.”

திரும்பிப் பார்த்தேன். அழுதிருக்கிறாள். சத்தம் வராமல் அழுதிருக்கிறாள், என் பக்கத்திலேயே நின்று.

கிறிஸ்மஸிலிருந்தே அவளுக்குச் சந்தேகமாம். டம்ளரை ஒருநாளும் இடம் மாற்றி வைத்ததில்லையாம். முப்பது வருடமாக வைக்கிற அதே இடம்தானாம். டிராயரிலிருந்து பரிசோதனைச் சீட்டை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அதை நகர்த்தி எனக்கு நேரே வைத்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டால் கொஞ்சம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

மதுரை. ஆஸ்பத்திரியில் கூட்டம். ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும், எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடவில்லையா என்று கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்குங்கய்யா என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா காகிதத்தைக் காட்டினார். ஒரு வட்டம். சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு. பார்த்த உடனே எனக்கு மாமியார் ஞாபகம்தான் வந்தது, சிரித்துவிட்டேன். பிலோமி முறைத்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறதாம். வலிக்காதாம், அதனால் யாருக்கும் தெரியாதாம்.

“போனது போனதுதாங்க. இருக்கறதப் பத்திரமா வச்சுக்கலாம். ஒரு நாள்கூட விடாம சொட்டு மருந்து போடணும். வண்டி, மெஷின் எதையும் தொடக்கூடாது” என்றார்.

பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பிலோமி சொன்னாள்: “பதினஞ்சாந்தேதிக்குள்ள நீங்களே மேடத்துக்கிட்ட சொல்லிருங்க. இல்லேன்னா நான் வந்து சொல்லுவேன்.” சொன்னால் மாட்டுக் கதை போகும். கதை போனால் பலகை போகும், நடை போகும், மாமியார் போவாள். என் வேலையும் போகும். இதையெல்லாம் அவளிடம் அடுக்கினேன். வத்தலக்குண்டு வரைக்கும் கேட்டாள். அப்புறம் தூங்கிவிட்டாள், என் கையைப் பிடித்தபடி.

பிப்ரவரி 5, புதன்

சொட்டு மருந்து. சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

சொட்டு மருந்து. ஆபீஸ் வாசல் வரை போனேன். மேடம் போனில் இருந்தார். திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

பலகைப்பாறைக்குப் போகலாம் என்றாள் பிலோமி. பதினெட்டு வருடத்தில் நான் அங்கே ஏறி நின்று வேடிக்கை பார்த்ததே கிடையாது. வேலை நேரத்தில் என்ன வேடிக்கை என்று இருந்துவிட்டேன். இருட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று அவள் சொன்னது பொழுதை என்றுதான் எடுத்துக்கொண்டேன், என் கண்ணைச் சொல்லியிருக்கிறாள்.

பாறை உச்சியில் சீகைக்கு மேலே எல்லாம் திறந்து கிடந்தது. எனக்கு மொத்தமாகத் தெரியாது. தலையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்தேன். முதலில் அணை. கொஞ்சம் திருப்பினால் தென்னந்தோப்பு. இன்னும் திருப்பினால் வெளேரென்று ஒரு சாலை, அதில் ஊர்கிற பஸ். பழனி மலை எங்கே என்றேன். பிலோமி என் தாடையைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். அழகாக இருந்தது. இவ்வளவு நாள் இதைப் போய்த் திட்டியிருக்கிறேன்.

பிறகு வேலைப் புத்தி விழித்துக்கொண்டது. குனிந்து பிலோமியின் காலைப் பார்த்தேன். ஏழாவது குழியின் கொடியைப் பார்த்து நில் என்று சொல்லித்தான் அவளை நிறுத்தியிருந்தேன். முகம் கொடிப் பக்கம்தான் இருந்தது. ஆனால் இரண்டு பாதமும் தானாக இடப்பக்கம் திரும்பி, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றன.

அவளை இறங்கி மறுபடி ஏறி நிற்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

பிப்ரவரி 10, திங்கள்

கதிரேசனையும் மூன்று கேடிகளையும் பாறைமேல் ஏற்றி, அங்கிருந்து பழைய ஏழாவது குழிக்கே அடிக்கச் சொன்னேன். தூரம் பழைய தூரம்தான், மாமியார் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறாள். நாலு பந்தும் இடப்பக்கப் பள்ளத்தில். இந்த மைதானத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சுற்றி வருகிற ஆட்கள் அவர்கள். பார்வை இழுக்கிற பக்கம் கால் போகிறது, கால் போகிற பக்கம் பந்து போகிறது.

நானும் ஒன்று அடித்தேன். எனக்கு மட்டையும், நடுவில் மாமியாரின் வெள்ளை மணலும்தான் தெரிந்தன. “எங்கய்யா போச்சு?” என்றேன். கதிரேசன் கையால் வெயிலை மறைத்துப் பார்த்துவிட்டு, “மாமியாருக்கு எடது காதுகிட்ட” என்றான்.

காட்சியைப் பகைக்க வேண்டியதில்லை. அதையும் ஒரு குழி மாதிரி வைத்துக்கொள்ளலாம். பாறையில் டீ, நடுவில் மாமியார், இடப்பக்கம் முழு உலகமும் கையை ஆட்டிக் கூப்பிடும். பார்த்துவிட்டு, பார்க்காமல் அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

மேடத்திடம் திட்டத்தைச் சொன்னேன். யோசித்தார். சனிக்கிழமை அபிநந்தனும் வருகிறார், பாறையில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். மாட்டு நடை அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

சொட்டு மருந்து. கறுப்பு வட்டம் அச்சிட்ட சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பிலோமி நாளை அங்கன்வாடிக்கு லீவு போட்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாறையில் சுமித்ரா மேடம், அபிநந்தன், திருப்பூரிலிருந்து வந்த நான்கு விருந்தினர்கள். கதிரேசன் பந்து எடுத்துக் கொடுத்தான். பிலோமி கொஞ்சம் தள்ளிச் சீகை நிழலில் நின்றாள். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று முதலிலேயே திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

முதலில் எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அப்புறம் அடித்தார்கள். திருப்பூர்க்காரர்கள் நான்கு பேருடையதும் பள்ளத்தில். அபிநந்தன் நன்றாக ஆடுகிறவர், முதல் பந்து பள்ளம். இரண்டாவதும் பள்ளம். மூன்றாவதை எச்சரிக்கையாக வலப்பக்கம் தள்ள நினைத்து மாமியார் மடியிலேயே போட்டார். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, நான்காவது பந்துக்குக் கையை நீட்டினார். சுமித்ரா மேடம் அந்தக் கையையே பார்த்தார். மேடத்துக்குக் கோல்ஃப் தெரியாது, ஆனால் ஆட்களைத் தெரியும்.

பிறகு என்னை அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். மாமியாருக்கு இடப்பக்கம், பன்னிரண்டு அடி வழியின் நடுவில் போய் நின்றதாகக் கதிரேசன் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். திருப்பூர்க்காரர் ஒருவர், எப்படிங்கண்ணா, எங்களுக்கும் சொல்லுங்க என்றார்.

“எனக்கு அந்தப் பக்கம் தெரியாதுங்க” என்றேன்.

சிரித்தார்கள். பெரிய சூட்சுமம் கிடைத்தமாதிரி அவர் அதை நண்பரிடம் திருப்பிச் சொன்னார்: அந்தப் பக்கம் தெரியவே கூடாதாம்பா. அத்தோடு விட்டிருக்கலாம். நான் சொன்னதும் பொய்யில்லை, அவர்கள் கேட்டதும் தப்பில்லை. எல்லாம் எனக்கு வசதியாக முடிந்திருக்கும். பிலோமி நின்ற பக்கம் தலையைத் திருப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துச் சுமித்ரா மேடத்திடம் கொடுத்தேன்.

“நெசமாவே தெரியாதும்மா. ரெண்டு பக்கமும் பார்வை போயிருச்சு. அன்னைக்கு அந்த மாட்ட நான் பாக்கவே இல்ல.”

மேடம் படித்தார். கறுப்பு வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். திருப்பூர்க்காரர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

“அத்தனை பேர் பார்த்தாங்களேண்ணா, அந்த வீடியோவ” என்றார்.

“நான் மட்டுந்தாம்மா பாக்கல.”

அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் இருந்தது. அது மட்டும் இல்லை. காகிதத்தை நான் மடித்திருந்த மாதிரியே நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வீடியோவை எடுத்துவிடச் சொல்வதாகச் சொன்னார். நடை கிடையாது, பலகை கிடையாது. திங்கள் முதல் இயந்திரங்களுக்கு வேறு ஆள் பொறுப்பு. எனக்கு என்ன வேலை என்று முதலாளியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். நான் தலையாட்டினேன்.

மாமியார் என்ன ஆவாள் என்று கேட்க வாய் வரவில்லை. அபிநந்தன் கேட்டார். கேட்டது என்னவென்றால், ஐந்தாவது பந்து இருக்கிறதா என்று.

“புல்டோசர் வேண்டாம்னு சொல்லிர்றேன்” என்றார் சுமித்ரா மேடம்.

இறங்கும்போது கதிரேசன் என் இடப்பக்கமும் பிலோமி வலப்பக்கமும் வந்தார்கள். இரண்டு பேரும் சத்தமாகக் காலை ஊன்றி நடந்தார்கள், எனக்குக் கேட்கட்டும் என்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

மழை: இல்லை.

உறைபனி: லேசாக. நான் கிரீன் மேல் கால் வைக்கவில்லை.

பூசையில் சமாதானம் சொல்லும்போது முதலில் நான் திரும்பினேன். மரியசூசைக்குக் கைகூப்பினேன்.

வேலை: இன்னும் சொல்லவில்லை.

சொட்டு மருந்து: போட்டாயிற்று.

புல் உயரம்: நான்கு மி.மீ. கதிரேசன் அளந்தான்.

மூடுபனி: இல்லை. இரண்டு பக்கமும் தெரியவில்லை.